வீல் கவர் இல்லாத கை கிரைண்டர்: விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

பூவரசி (திண்டுக்கல்)

வணக்கம். முட்டி வலி காரணமாக அப்பா கிரில் பட்டறையை மூடிவிட்டார். சாமான்கள் எல்லாம் வீட்டுக்கு வந்து மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது, எதைக் கழிப்பது என்று புரியவில்லை. இருப்பவை இவை:

4 இஞ்ச் கை கிரைண்டர் ஒன்று. நன்றாக ஓடுகிறது. ஆனால் வீல் கவர் இல்லை, பக்கவாட்டுக் கைப்பிடியும் இல்லை. கூடவே ஒரு டப்பா நிறையப் பழைய வீல்கள்.

அலுமினியம் பாடி வைத்த பழைய டிரில்லிங் மெஷின். தொட்டால் சுரீர் என்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்கிறார் அப்பா.

மார்பிள் கட்டர் ஒன்று. அதில் மரம் அறுக்கிற பல் பிளேடு மாட்டியிருக்கிறது.

பேட்டரி டிரில் ஒன்று. சார்ஜ் போட்டால் பேட்டரி கையில் பிடிக்க முடியாதபடி சுடுகிறது. பிளாஸ்டிக் ஒரு பக்கம் நெளிந்துவிட்டது.

பக்கத்துத் தெருவில் ஒரு பையன் ஐடிஐ முடித்துவிட்டுச் சொந்தமாக கேட் வேலை ஆரம்பிக்கிறான். கிரைண்டரையும் அலுமினியம் டிரில்லையும் சேர்த்து 800 ரூபாய்க்குக் கேட்கிறான். கொடுத்துவிடலாமா? நல்ல பையன், அதனால்தான் யோசனையாக இருக்கிறது.

ரீவைண்டிங் கடை (கோவை)

பூவரசி அம்மா, முதலில் அந்த நாலையும் பிளக்கில் சொருகாமல் ஓரமாக வையுங்க. பையனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. இப்போது இருக்கிற நிலையில் ஒன்றைக்கூடக் கைமாற்றாதீங்க. தம்பி வாங்கிக்கொண்டு போய் மறுநாளே வேலையில் இறக்குவான். கவர் வாங்கி மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லுவான், மாட்ட மாட்டான்.

கை கிரைண்டர் பிழைத்துக்கொள்ளும். கவர், கைப்பிடி, ஃபிளாஞ்ச் (வீலைப் பிடிக்கிற வட்டத் தகடு), ஸ்பேனர் எல்லாமே ஸ்பேர்ஸாகத் தனித்தனியாகக் கிடைக்கும். பாடியில் ஒட்டியிருக்கிற தகட்டில் மாடல் நம்பர் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்க. கைப்பிடி மரை சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்க.

அப்புறம் கார்பன், அதாவது சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கரிக்கட்டை. பின்பக்கம் இரண்டு பக்கமும் வட்ட மூடி இருக்கும், திருகினால் வெளியே வரும். சில மாடலில் பின் கவரைக் கழற்ற வேண்டும். கார்பன் கட்டை 5, 6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்க. ஒன்று புதிதும் ஒன்று பழசுமாகப் போட்டால் ஸ்பிரிங் அழுத்தம் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும், ஒரு பக்கம் பொறி பறக்கும். புதுக் கார்பன் போட்டதும் லோடு கொடுக்காமல் சில நிமிடம் ஓட விட்டால் கம்யூட்டேட்டரின் (கார்பன் உரசுகிற செம்பு உருளை) வளைவுக்கு நுனி படிந்துவிடும்.

ஓடும்போது காற்றுத் துவாரம் வழியாகப் பாருங்க. கார்பன் நுனியில் பொடிப்பொடியாக நீலப் பொறி தெரிந்தால் பயமில்லை. கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால் ஆர்மேச்சரில் (சுற்றுகிற காயில் பாகம்) சுற்று ஷார்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் கார்பனை மட்டும் மாற்றி ஓட்டினால் புதுக் கார்பனும் சீக்கிரம் கரைந்துவிடும்.

எங்கள் கடைக்கு வருகிற மெஷின்களில் பாதிக்குமேல் இரும்புத் தூளால்தான் சாகின்றன. வெட்டும்போது பறக்கிற தூளை மெஷினின் ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது காயிலின் வார்னிஷை அரிக்கிறது. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துவாரத்தில் காற்றடித்து ஊதினால் மெஷினின் ஆயுள் கூடும். ஊதும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்க, எல்லாம் முகத்துக்குத்தான் வரும்.

டிரில்லைப் பற்றி மின்வாரிய அண்ணன் வந்து சொல்லட்டும். அது வேறு கதை.

கேட்டு கிரில் (மதுரை)

கோவை அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் தினமும் வெட்டுகிறவன் பக்கத்தையும் கேளுங்கள்.

கவர் மாட்டினால் மூலைக்குள் வீல் போகாது. கிரில்லின் உள்மூலையில் வெல்டிங் புடைப்பைத் தேய்க்க வேண்டும் என்றால் கவர் இடிக்கும். அது ஒன்று. இன்னொன்று, 4 இஞ்ச் வீல் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. அதனால் நாங்கள் நிறையப் பேர் 4 இஞ்ச் மெஷினில் 5 இஞ்ச் வீல் போடுகிறோம். கவர் இருந்தால் அது உள்ளே நுழையாது.

கண்ணை மூடிக்கொண்டு செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம். மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று. 5 இஞ்ச் வீலில் 12,200 வரை தாங்கும் என்று அச்சடித்திருக்கிறது. கணக்கு இடிக்கவில்லையே? எங்கே தப்பு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

சிங்கை தளம்

மதுரை அண்ணே, நல்ல கேள்வி. நான் இங்கே கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையில் இருக்கிறேன். இதே கேள்வியை இங்கேயும் அடிக்கடி கேட்கிறார்கள்.

வீல் தாங்குமா என்பதை அதன் விளிம்பு ஓடும் வேகம்தான் முடிவு செய்கிறது. சாதாரண வெட்டு வீல்களுக்கு வரம்பு நொடிக்கு 80 மீட்டர். 11,000 சுற்றில் 4 இஞ்ச் வீலின் விளிம்பு நொடிக்கு 58 மீட்டர் ஓடும். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். 5 இஞ்ச் போட்டால் 72 மீட்டர். வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆக, வேகக் கணக்கில் உங்கள் பக்கம்தான் சரி.

தப்பு நடுத் துளையில் இருக்கிறது. 4 இஞ்ச் வீலின் துளை 16 மில்லிமீட்டர். 5 இஞ்ச் வீலின் துளை 22.23 மில்லிமீட்டர். அதை 4 இஞ்ச் மெஷினின் ஃபிளாஞ்சில் வைத்தால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி. கண் மதிப்பாக நடுவில் வைத்து நட்டை இறுக்குகிறோம். மையம் துளி தள்ளிப்போனாலும் அந்த வேகத்தில் வீல் உதறும், ஃபிளாஞ்சை ஒட்டி விரிசல் விடும். வாஷர் வெட்டிப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது அதைவிட மோசம்.

வீல் உடைந்தால் துண்டு அதே வேகத்தில்தான் பறக்கும். அதைத் தடுக்கத்தான் கவர். 5 இஞ்ச் வீலுக்காகக் கவரைக் கழற்றுகிறோம் என்றால், உடைய அதிக வாய்ப்புள்ள வீலுக்கு எதிரே ஒரு தடுப்பும் இல்லாமல் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

சில பட்டறைகளில் 4 இஞ்ச் மெஷினில் 7 இஞ்ச் வீல் போடுகிறார்கள். அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 7 இஞ்ச் வீல் 8,500 சுற்றுக்குச் செய்தது. 11,000-இல் ஓட்டினால் விளிம்பு நொடிக்கு 104 மீட்டர். அதைத் தாங்க அந்த வீல் செய்யப்படவே இல்லை. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். செய்கிறவர்களைக் கண்டால் நிறுத்துங்கள்.

பூவரசி அக்கா, அந்த டப்பாவில் உள்ள பழைய வீல்களைப் பாருங்கள். நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தில் மாதம், ஆண்டு குத்தியிருக்கும். அது காலாவதித் தேதி. ரெசின் (பிசின்) பிணைப்பு வைத்த வீலுக்கு ஐரோப்பியத் தர விதிப்படி செய்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் ஆயுள். ஈரம் ஏறினால் பிசின் வலுவிழக்கும். தேதி தாண்டியவை, விளிம்பு உதிர்ந்தவை, எண்ணெய் பட்டவை எல்லாவற்றையும் இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

ஆப்டோமெட்ரிஸ்ட் சகோதரி

கண் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். புறநோயாளிப் பிரிவில் நான் அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன்.

கருவிழியில் ஒட்டிக்கொண்ட இரும்புத் துகளோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் கிரைண்டிங், வெல்டிங் வேலைக்காரர்கள். பலர் அன்றைக்கே வருவதில்லை. வேட்டி நுனியால் துடைப்பது, பட்டறையில் 'தூசி எடுக்கத் தெரிந்தவரிடம்' காட்டுவது, அதற்குமேல்தான் எங்களிடம் வருகிறார்கள். இரும்புத் துகள் கண்ணீரில் ஒரே நாளுக்குள் துருப் பிடிக்க ஆரம்பித்துவிடும். ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்தால் துகள் இருந்த இடத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். துகளை எடுத்தாலும் துரு வளையம் அப்படியே நிற்கும். அதைத் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். கண் பாப்பாவுக்கு நேர் எதிரே இருந்தால் தழும்பு பார்வையைக் கெடுக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வேகமாகப் பறந்த துகள் கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடலாம். முதலில் சுருக்கென்று இருக்கும், பிறகு வலி அடங்கிவிடும். உள்ளே இரும்பு தங்கினால் மாதக்கணக்கில் விழித்திரையை அரிக்கும். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது 'கண்ணில் எப்போதாவது உலோகம் பட்டதா' என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் காந்தம் துகளை உள்ளே நகர்த்திவிடும்.

பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கமும் மேலும் திறந்திருக்கும், கண்ணாடி வில்லை என்றால் அதுவே உடைந்து குத்தும். இந்தியத் தர எண் ஐஎஸ் 5983 போட்ட, பக்கம் மூடிய கண்ணாடி வாங்குங்கள். வீலில் நிற்கும்போது அதற்கு மேலே முகத் தடுப்பும் வேண்டும். அந்த வெல்டிங் தம்பிக்கு யாராவது இதை வாங்கிக் கொடுங்கள்.

கேட்டு கிரில் (மதுரை)

சிங்கைத் தம்பி, துளைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். 3 மில்லிமீட்டர் என்று இதுவரை யாரும் அளந்து சொன்னதில்லை. 5 இஞ்ச் வேண்டுமென்றால் 5 இஞ்ச் மெஷினே வாங்க வேண்டியதுதான். எங்கள் பட்டறையில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் உள்மூலை விஷயத்தில் நான் இன்னும் சமாதானமாகவில்லை. அங்கே என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

ரீவைண்டிங் கடை (கோவை)

கேட்டு அண்ணா, கவரின் கிளாம்ப்பைத் தளர்த்தினால் கவர் சுற்றும். திறந்த பக்கத்தை வேலைக்கும், மூடிய பக்கத்தை உங்களுக்கும் திருப்பி வைத்தால் பாதி மூலைகள் எட்டிவிடும். அதுவும் எட்டாவிட்டால் 4 இஞ்ச் வீல் தேய்ந்து மூன்று இஞ்சான பிறகு அதை அந்த வேலைக்கென்று எடுத்து வையுங்க. கவரோடு உள்ளே போகும். மீதிக்கு டை கிரைண்டரில் (சின்னக் கல் மாட்டுகிற ஒல்லியான கிரைண்டர்) கூம்புக் கல், இல்லாவிட்டால் அரம்.

வெட்டுகிற மெல்லிய வீலின் பக்கத்தால் தேய்க்காதீங்க. பக்கவாட்டு அழுத்தத்தை அது தாங்காது. உள்மூலையில் கைக்கு வருவதே அந்த வீல்தான், அதனால் தனியாகச் சொல்கிறேன்.

சிங்கை தளம்

ஒன்று சேர்க்கிறேன். பைப்பை வெட்டும்போது வெட்டு மூடிக்கொள்ளாதபடி முட்டுக் கொடுங்கள். இரண்டு முனையிலும் தாங்கல் வைத்து நடுவில் வெட்டினால் பைப் நடுவில் இறங்கி வீலைக் கவ்வும், மெஷின் கையை உதறிவிட்டு உங்கள் பக்கம் பாயும். துண்டாகப் போகிற முனை தொங்கலாக இருக்கட்டும், வெட்டு விரிந்துகொண்டே போகும். வீல் சுற்றுகிற கோட்டுக்கு நேராக முகமோ தொடையோ இருக்கக்கூடாது, ஒரு எட்டு விலகி நில்லுங்கள்.

புது வீல் போட்டதும் முகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். உடையப்போகிற வீல் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில் உடைந்துவிடும்.

லைன்மேன் ஓய்வு (திருச்சி)

கோவைத் தம்பி என்னைக் கூப்பிட்டுவிட்டார், வந்துவிட்டேன்.

அம்மா பூவரசி, உங்கள் அப்பா சொல்கிற செருப்பு வைத்தியத்தை நம்பாதீர்கள். வேர்வையிலும் மழையிலும் செருப்பு நனையும். இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு டிரில் போடுவார்கள், அப்போது செருப்பு எங்கே காப்பாற்றும்?

கைக்கருவி இரண்டு வகை. முதல் வகை, பாடி உலோகமாக இருப்பது. அதற்கு மூன்று கம்பி, மூன்று பின். மூன்றாவது கம்பி பாடியை எர்த்தோடு இணைக்கும். இரண்டாவது வகையில் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருக்கும். அது இரட்டை இன்சுலேஷன். அதற்கு எர்த் தேவையில்லை, இரண்டு கம்பிதான் வரும்.

உங்கள் டிரில் முதல் வகை. சுரீர் என்கிறது என்றால் இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. உள்ளே எங்கேயோ கரண்ட் பாடிக்குக் கசிகிறது, கூடவே எர்த்தும் அறுந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் கசிவு அதன் வழியாகப் போயிருக்கும். பட்டறைகளில் நான் கண்டது இதுதான்: பிளக் உடைந்ததும் இரண்டு பின் பிளக்கை மாட்டுவார்கள், பச்சைக் கம்பியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். அல்லது கம்பியை நேராகச் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சி செருகுவார்கள். உங்கள் டிரில்லின் பிளக்கைத் திறந்து பாருங்கள், பச்சைக் கம்பி இருக்காது என்று நினைக்கிறேன்.

எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் விழுகிற சுவிட்ச்) இருக்கிறதே என்பார்கள். எம்சிபி வயரைத்தான் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் சமமாக இல்லாவிட்டால் அது விழும். அதற்கும் எல்லை உண்டு. ஒரு கை பேஸையும் ஒரு கை நியூட்ரலையும் பிடித்தால் கசிவே இல்லாததால் அதற்குத் தெரியாது. அதில் டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயர் மெல்லிசாக இருந்தால் வோல்டேஜ் விழும், மெஷின் திணறும், காயில் சுடும். 2,000 வாட் மெஷினுக்கு 30 மீட்டர் நீளத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் ஏறக்குறைய 13 வோல்ட் வயரிலேயே போய்விடும். அந்த வேலைக்கு 1.5-க்குக் குறையக்கூடாது, 2.5 நல்லது. வயரை ரீலில் சுற்றி வைத்தபடியே ஓட்டாதீர்கள், உள்சுற்றில் சூடு வெளியேற வழியில்லாமல் உருகும்.

நம் ஊரில் கரண்ட் போவது சகஜம். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதிப் பேர் மெஷினை அப்படியே கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். சுவிட்ச் லாக்கில் இருக்கும். கரண்ட் வந்ததும் மெஷின் தரையில் தானாகத் துள்ளி ஓடும், பக்கத்தில் யார் இருந்தாலும் காலைக் கிழிக்கும். கரண்ட் போன உடனே கை முதலில் சுவிட்சுக்குப் போக வேண்டும்.

ஆசாரி வீட்டுப் பையன் (காரைக்குடி)

மார்பிள் கட்டரை யாரும் தொடவில்லை. மரவேலைக்காரர்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மரம் அறுக்கும் சர்க்குலர் சா மெஷினில் கீழ்க் கவர் ஸ்பிரிங்கில் இருக்கும். மரத்தை விட்டு வெளியே எடுத்த உடனே தானாக மூடிக்கொள்ளும். 7 இஞ்ச் பிளேடு நிமிடத்துக்கு ஐயாயிரம், ஐயாயிரத்து ஐந்நூறு சுற்று ஓடும். சுவிட்சை விட்டால் நிற்கும்.

மார்பிள் கட்டரில் கீழ்க் கவர் கிடையாது. 4 இஞ்ச் பிளேடு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். சுவிட்சில் லாக் பட்டன் உண்டு, கை விட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். கல்லுக்கு அது பெரிய குறை இல்லை, ஏனென்றால் டயமண்ட் பிளேடுக்குப் பல் இல்லை. அது தேய்த்துத்தான் அறுக்கிறது, கடிக்காது. பல் பிளேடை மாட்டியதும் கதை மாறிவிடுகிறது. முடிச்சிலோ ஆணியிலோ பல் மாட்டினால் மெஷின் பின்பக்கம் ஏறி ஓடும். பிடித்திருக்கிற கையும் முழங்காலும் அது ஓடுகிற பாதையில்தான் இருக்கும். உட்கார்ந்தபடி காலால் பலகையை அழுத்திக்கொண்டு அறுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, அந்த நிலையில் பிளேடுக்கும் தொடைக்கும் நடுவே எதுவுமே இல்லை.

மெஷின் விலை குறைவு, தூக்கிப்போக இலகு என்று எல்லோரும் இதையே வாங்குகிறார்கள். எனக்கு அந்த நியாயம் புரிகிறது. ஆனால் விரல் போன பிறகு அந்த வித்தியாசப் பணத்தை யாரும் பேசுவதில்லை. அக்கா, அந்தப் பல் பிளேடைக் கழற்றித் தனியாக வையுங்கள். கட்டரைக் கல் வேலைக்காரருக்கு மட்டும் கொடுங்கள்.

கை கிரைண்டரில் செயின் வைத்த மரப் பிளேடு போடுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான்.

உடுப்பையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் துண்டு, தளர்ந்த லுங்கி, முழுக்கைச் சட்டையின் திறந்த பட்டன், பெண்கள் என்றால் துப்பட்டா, பின்னாத கூந்தல், எல்லாவற்றையும் சுற்றுகிற சக் (டிரில் பிட்டைப் பிடிக்கிற வாய்) இழுத்துக்கொள்ளும். ஸ்டாண்டு டிரில்லில் கையுறை போடவே கூடாது, நூலைப் பிடித்தால் விரலோடு சுற்றும்.

பூவரசி (திண்டுக்கல்)

எல்லோருக்கும் நன்றி. லைன்மேன் ஐயா சொன்னபடி பிளக்கைத் திறந்து பார்த்தேன். பச்சைக் கம்பி வெட்டித்தான் இருக்கிறது. அப்பாவிடமும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் டிரில்லைக் கொடுக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

கிரைண்டருக்குக் கவரும் கைப்பிடியும் வாங்கிவிட்டேன். தம்பியை வீட்டுக்கு வரச்சொல்லி, இந்த இழையை அவன் போனிலேயே படிக்க வைத்து, கிரைண்டரை மட்டும் கொடுத்தேன். கண்ணாடி என் கணக்கில்.

இப்போது பேட்டரி. அதை என்ன செய்வது? அந்த ஷாக் அடிக்கிற டிரில்லைப் பழைய இரும்புக் கடையில் போடலாமா?

காயலான் கடை (திருச்சி)

நான் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். என் தரப்பிலிருந்து சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

பேட்டரியை இரும்போடு சேர்த்து மூட்டையில் கட்டிக் கொடுக்காதீர்கள். கைவண்டியில் வந்து, குவியலில் விழுந்து, மேலே மிதித்து, சில நேரம் சுத்தியலால் தட்டுவோம். லித்தியம் செல் நசுங்கினால் பற்றிக்கொள்ளும். கடையில் பிளாஸ்டிக்கும் அட்டையும் பக்கத்திலேயே இருக்கும். மின்முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுத் தனியாகக் கொடுங்கள். உங்களுடையது நெளிந்துவிட்டது என்பதால் இனி சார்ஜரில் போடவே போடாதீர்கள். பிரித்துப் பார்க்காதீர்கள். தகர வாளியில் காய்ந்த மணல் கொட்டி, அதில் வைத்து வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள்.

2022-இல் பேட்டரிக் கழிவு விதிகள் வந்தன. தயாரித்தவர்கள், இறக்குமதி செய்தவர்களே திரும்பச் சேகரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது நம் கடமை. அதே ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. அதற்கு முன்பு அந்தப் பட்டியலில் கம்ப்யூட்டர், டிவி மாதிரிப் பொருள்கள்தான் இருந்தன. இப்போது டிரில், ரம்பம் போன்ற மின்கருவிகளும் சேர்ந்திருக்கின்றன. முதலில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அங்கே வாங்காவிட்டால் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத்தில் பட்டியல் இருக்கிறது.

எங்களிடம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆர்மேச்சரிலும் ஃபீல்டிலும் (சுற்றாத காயில்) செம்பு இருக்கிறது, அதுதான் காசு. கை வைத்து உரித்து எடுக்கிறவர்களும் உண்டு, வயரோடு போட்டுக் கொளுத்துகிறவர்களும் உண்டு. பிவிசி எரிகிற புகையில் அமிலமும் டையாக்ஸினும் வரும். எரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நான் எரிப்பதை நிறுத்திவிட்டேன். உரிக்கிற மெஷின் வைத்திருக்கிறேன். எல்லோரும் அப்படி இல்லை, ஆகவே கொடுக்கும் முன் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம். தின்னர், பெட்ரோல் இருந்த காலி டிரம்மை கட்டிங் மெஷினால் வெட்ட நினைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வேண்டாம். காலி டிரம்மில் திரவம்தான் இல்லை, ஆவி நிறைய இருக்கிறது. ஒரு பொறி போதும், டிரம் வெடிக்கும்.

ரீவைண்டிங் கடை (கோவை)

திருச்சி அண்ணன் சொன்னதோடு ஒன்று. அந்த டிரில்லை எங்கே கொடுத்தாலும், கொடுக்கும் முன் வயரை பாடியை ஒட்ட வெட்டிவிடுங்க. வயரோடு கொடுத்தால் யாராவது புதுப் பிளக் போட்டு சந்தையில் விற்றுவிடுவார்கள், இன்னொரு வீட்டில் போய்ச் சுரீர் என்னும். நமக்கு ஆகாத மெஷின் இன்னொருத்தருக்கும் ஆகக்கூடாது. என் கடையில் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) போட்டு 2 மெகாஓம்முக்குக் கீழே காட்டினால் மெஷினை வெளியே விடுவதில்லை. காயில் மாற்றச் சம்மதிக்காவிட்டால், கேட்டுக்கொண்டு வயரை வெட்டித்தான் கொடுப்பேன். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

பேட்டரி வாங்குகிறவர்கள் கவனிக்க: 48, 88, 128 என்று பெரிய பெரிய எண் அச்சடித்து மலிவாக விற்கிறார்கள். உள்ளே 5 செல் தொடராக இருந்தால் முழு சார்ஜில் 21 வோல்ட்தான் வரும், செல்லுக்கு 4.2 வீதம். லேபிளிலேயே உண்மை இல்லாத பேட்டரிக்குள் செல்களைச் சமப்படுத்துகிற சர்க்யூட் இருக்கும் என்று நான் நம்பமாட்டேன். இரவு முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது எந்தப் பேட்டரிக்கும் வேண்டாம். நாள்பட வைக்க வேண்டுமானால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்க.

சிங்கை தளம்

வயரை வெட்டுவது எங்கள் தளத்திலும் உண்டு. சோதித்த கருவிக்கு அந்தந்தக் காலத்துக்கான நிறத்தில் டேக் கட்டுவார்கள். பழுதான கருவி சரிசெய்ய ஆகாது என்றால் வயரை வெட்டிய பிறகுதான் கழிவுத் தொட்டிக்குப் போகும். ஊரில் பட்டறைகளும் இதைச் செய்யலாம், செலவே இல்லாத வேலை.

டைல்ஸ் வேலை (ஓசூர்)

இழையை இப்போதுதான் படித்தேன். எங்கள் வேலையில் மார்பிள் கட்டரைத் தண்ணீர் இல்லாமல்தான் ஓட்டுகிறோம். வீட்டுக்காரர் சுவர் நனையும் என்று தண்ணீர் விடச் சம்மதிப்பதில்லை. மூக்கில் துண்டு கட்டிக்கொள்கிறோம். அது போதுமா? தண்ணீர் விட்டால் ஷாக் அடிக்காதா?

ஆப்டோமெட்ரிஸ்ட் சகோதரி

துண்டு போதாது அண்ணா. கண்ணுக்குத் தெரிகிற தூசியைத்தான் துணி பிடிக்கும். நுரையீரலின் அடிவரை போகிற சிலிக்காத் துகள் கண்ணுக்கே தெரியாது. மார்பிளில் சிலிக்கா குறைவு. கிரானைட்டிலும் டைல்ஸிலும் கான்கிரீட்டிலும்தான் அதிகம். செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கு மேலேகூட இருக்கும். ஆஸ்திரேலியாவில் அந்தப் பலகையையே 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டார்கள், வெட்டிய இளம் வயதுத் தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் (சிலிக்காத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய்) வந்ததால். அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. என்95 மாஸ்க் முகத்தில் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும், தாடி இருந்தால் படியாது. மாஸ்க் இருந்தாலும் தண்ணீர் வேண்டும்.

லைன்மேன் ஓய்வு (திருச்சி)

தண்ணீரையும் கரண்ட்டையும் சேர்ப்பதற்கு வழி இருக்கிறது தம்பி. கட்டரோடு வரும் தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்துங்கள், பிளேடில் மட்டும் சொட்டுகிற அளவுக்குக் குழாயின் திருகைத் திறந்து வைத்தால் போதும். மக்கில் மொண்டு ஊற்றாதீர்கள், அது நேராக மோட்டாருக்குள் போகும். சாக்கெட்டுக்குப் போகிற வயர் ஒரு இடத்தில் கீழே தொங்கி மேலே ஏறட்டும், வயரில் வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ ஸ்டூல் மேலோ வையுங்கள்.

எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் அந்த வீட்டு மெயினில் ஆர்சிசிபி இருக்கும் என்று நம்ப முடியாது. பிளக்கோடு சேர்ந்து வருகிற சின்ன 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (ஆர்சிசிபி செய்கிற அதே வேலைதான்) கிடைக்கிறது, அதைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுகிற வேலை எல்லாவற்றையும் வெளியே வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொண்டால் சுவர் நனையும் என்ற பேச்சும் வராது. அளவெடுத்துக் கொண்டுபோய் வெட்டி எடுத்துவர நடை கொஞ்சம் கூடும், அதற்கான நேரத்தையும் கூலியில் சேர்த்தே பேசுங்கள்.